முதல் ஆர்டரைக் கொடுப்பது யார்?
இளம் தொழில்முனைவோரை ஊக்குவிக்கும் வழிகள்: ஓர் ஆய்வு

2024ஆம் ஆண்டு குரூப் 4 தேர்வுக்கான அறிவிப்பைத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் வெளியிட்டபோது காலியாக இருந்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம் பேர். இந்தக் கணக்கைச் சொல்லி இளைஞர்களைக் கடிந்துகொள்வது மேடைப் பேச்சாளர்களுக்கு வழக்கமாகிவிட்டது. "வேலை தேடுகிறவர்களாக இருக்காதீர்கள், வேலை கொடுக்கிறவர்களாக மாறுங்கள்" என்று பட்டமளிப்பு விழாவில் சொல்லாத சிறப்பு விருந்தினர் அபூர்வம். கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகும் மாணவரின் நிலைமையையும் பார்க்க வேண்டும். அப்பாவுக்குக் கூலி வேலை. வீட்டின் பேரில் ஏற்கெனவே கடன். தங்கை கல்யாணம் பாக்கி. தொழில் தொடங்கித் தோற்றால் தாங்கிப் பிடிக்க ஆளில்லாத வீட்டில், மாதம் பிறந்தால் சம்பளம் வரும் வேலைக்கு விண்ணப்பம் போடுவதுதான் விவரமான முடிவு.

எனவே இளைஞர்களுக்குத் துணிச்சல் இருக்கிறதா என்று கேட்பதில் பயனில்லை. துணிகிறவருக்கு நம் சமூகமும் அரசும் சந்தையும் எதைக் கொடுக்கின்றன, எதைக் கொடுக்க மறுக்கின்றன என்று கேட்பதே சரி. தமிழ்நாட்டின் அனுபவத்தையும், பிற நாடுகளில் நடந்த முறையான ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் ஓரளவு தெளிவான விடை கிடைக்கிறது. தொழில் செய்யப் பழகும் இடம், முதல் ஆர்டர், தோற்றால் மீண்டும் எழ அவகாசம் ஆகிய மூன்றும் கிடைத்தவர்கள் முன்னேறியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் இம்மூன்றையும் சாதி கொடுத்தது. தன்னைச் சேர்ந்தவர்களுக்கு மட்டும் கொடுத்தது. இன்று அரசு எல்லோருக்கும் கொடுப்பதாகச் சொல்வது பெரும்பாலும் நான்காவதான கடனைத்தான்.

பெட்டியடியில் தொடங்கிய படிப்பு

நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வட்டிக்கடைகள் பர்மா, மலாயா, இலங்கை என்று பரவியிருந்த காலத்தில் அவற்றின் உண்மையான பலம், ஆளைத் தயார்செய்யும் முறையில் இருந்தது. பையன் முதலில் பெட்டியடிப் பையனாகச் சேருவான். கூட்டுவது, பெட்டியைத் துடைப்பது, காபி வாங்கி வருவது, கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் அவன் வேலை. அதோடு பேரேடு எழுதுவதையும் வட்டிக் கணக்கையும் பக்கத்தில் உட்கார்ந்து பழகுவான். யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாரைப் பேசி அனுப்பிவிடலாம் என்பதை மேலாளின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வான். பிறகு அடுத்தாள் ஆவான். திறமை காட்டினால் மேலாளாகப் பொறுப்பேற்று, வழக்கமாக மூன்றாண்டுக் கணக்குக்குக் கடல் கடந்து போவான். சேர்த்த பணத்தைக் கொண்டும் முதலாளியின் நம்பிக்கையைக் கொண்டும் பின்னாளில் தனியாகக் கடை வைத்தவர்கள் பலர். பாடத்திட்டமும் சான்றிதழும் இல்லாத இந்தப் படிப்பில் தேர்ச்சி பெறாதவன் சிறிய பொறுப்பிலேயே நின்றுவிடுவான். அதனால் அவனுக்கும் பெரிய நஷ்டம் இல்லை, கடைக்கும் இல்லை.

தென்மாவட்ட நாடார்கள் இதை வேறு விதமாகச் செய்தார்கள். வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை மகமையாக எடுத்து, தங்கள் சமூக அமைப்பான உறவின்முறையின் பொதுநிதியில் சேர்த்தார்கள். அந்த நிதியிலிருந்து பள்ளிக்கூடங்களும் சந்தைப்பேட்டைகளும் எழுந்தன. விருதுநகரில் 1889இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை அப்படி எழுந்ததுதான். காமராஜர் படித்தது அங்கேதான். 1921இல் தூத்துக்குடியில் தொடங்கிய நாடார் வங்கி பின்னர் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி ஆயிற்று. 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். இன்று நாம் 'தொழில் நகரம்' என்று சொல்லும் சிவகாசி அந்தப் பயணத்திலிருந்து வளர்ந்தது. அதே தீப்பெட்டித் தொழில் பல்லாண்டுகள் குழந்தைகளின் உழைப்பில் ஓடியது என்பதையும் மறைக்கக் கூடாது. தொழில் வளர்ந்தால் எல்லோரும் வளர்ந்துவிடுவார்கள் என்பது தானாக நடப்பதில்லை.

சாதி வட்டத்துக்கு வெளியிலிருந்து கை நீண்ட சம்பவங்களும் உண்டு. கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு இளமையில் பஞ்சு வியாபாரத்தில் இறங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவர். பின்னர் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயத் தொழிலதிபரின் பட்டறையில் வேலை பழகினார். அவர் கொடுத்த பண உதவியோடு 1920இல் ஒரு பஸ்ஸை வாங்கிப் பொள்ளாச்சி–பழனி தடத்தில் ஓட்டினார். அந்த ஒரு பஸ்தான் பெரிய போக்குவரத்து நிறுவனமாகவும், நாட்டின் முதல் மின்மோட்டார்களுள் ஒன்றைச் செய்த தொழிற்கூடமாகவும் வளர்ந்தது. பழகும் இடம், முதல் வாய்ப்பு, தோற்றவனுக்கு இரண்டாம் தவணை என்று மூன்றும் அவருக்கு ஒரே மனிதரிடமிருந்து கிடைத்தன. ஆயிரத்தில் ஒருவருக்கு வாய்க்கும் அதிர்ஷ்டம் அது.

திருப்பூர் சொல்லும் உண்மை

இந்த மரபு எவ்வளவு வலுவானது, எவ்வளவு ஓரவஞ்சனை கொண்டது என்பதைத் திருப்பூரைப்போல வேறெந்த ஊரும் காட்டாது. அங்கே பனியன் கம்பெனி தனியாக இயங்குவதில்லை. நிட்டிங் ஓரிடம், சாயப்பட்டறை ஓரிடம், பிரிண்டிங், எம்பிராய்டரி, தையல், செக்கிங், அயர்னிங் எல்லாம் வெவ்வேறு கைகளில். ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்த தையல்காரர் சில ஆண்டுகளில் கான்ட்ராக்டர் ஆகலாம். பிறகு பழைய மெஷின் நான்கை வாங்கி வாடகைக் கொட்டகையில் ஜாப் ஒர்க் எடுக்கலாம். தொழிலாளியாக நுழைந்து முதலாளியாக வெளியே வந்தவர்களின் ஊர் அது. சரத் சாரி என்ற ஆய்வாளர் இதைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார். வேளாண்மையிலிருந்து வந்த கவுண்டர் இளைஞர்கள் இந்தப் பாதையில் அதிகம் ஏறினார்கள்.

பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் திருப்பூர் நிறுவனங்களின் கணக்குகளை ஆராய்ந்து 2004இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உள்ளூர்ச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள் தொழில் தொடங்கும்போதே வெளியாட்களைவிடக் கணிசமாகக் கூடுதல் மூலதனத்தோடு தொடங்குகிறார்கள். ஆனால் குறைந்த பணத்தோடு தொடங்கிய வெளியாட்களின் நிறுவனங்கள் வேகமாக வளர்ந்து, சில ஆண்டுகளில் உற்பத்தியில் முந்திவிடுகின்றன. அப்படியானால் பணம் திறமை இருக்கும் இடத்துக்குப் போகவில்லை, உறவு இருக்கும் இடத்துக்குப் போயிருக்கிறது. உறவினருக்குக் கொடுத்தால் திரும்பி வரும் என்ற நம்பிக்கை நியாயமானதுதான். அதனால் ஊருக்கு ஏற்படும் இழப்பு, திறமை இருந்தும் அறிமுகம் இல்லாமல் நின்றுபோனவர்களின் எண்ணிக்கை. அந்த எண்ணிக்கையை எந்தப் புள்ளிவிவரமும் எழுதிவைப்பதில்லை.

அரசு வகுத்த பாதை

இந்த இடைவெளியை நிரப்ப அரசு நெடுங்காலமாக முயன்றுவருகிறது. மாநில நிதிக் கழகங்களுக்கு முன்னோடியான தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகம் 1949இல் அமைந்தது. நாட்டின் முதல் தொழிற்பேட்டைகளுள் ஒன்றான கிண்டித் தொழிற்பேட்டை 1958இல் வந்தது. சிறுதொழில் வளர்ச்சிக் கழகமான சிட்கோ 1970இல் பிறந்தது. 1978இல் மத்திய அரசு மாவட்டத் தொழில் மையங்களை அமைத்தது. இன்றும் தொழில் தொடங்க நினைக்கும் இளைஞர் முதலில் ஏறும் படி அந்த அலுவலகத்தின் படிதான்.

திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. பட்டம், டிப்ளமோ, ஐ.டி.ஐ. படித்தவர்களுக்கு 'நீட்ஸ்' திட்டம். எட்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கு வேலையில்லா இளைஞர்களுக்கான வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம். மத்திய அரசின் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் ரூபாய் வரை திட்ட மதிப்பு. 2015இல் தொடங்கிய முத்ராவில் முதல் படியில் 50,000 ரூபாய் வரையும், பிறகு படிப்படியாகக் கூடுதலாகவும் கடன். பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 2023இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மூலதன மானியமும் வட்டி மானியமும் உண்டு. புத்தொழில் நிறுவனங்களுக்கு 'டான்சீட்' ஆதார நிதி. தாளில் பார்த்தால் அண்டை மாநிலங்கள் பொறாமைப்படும் பட்டியல் இது.

தாளிலிருந்து வங்கி மேசைக்கு வரும்போதுதான் சிக்கல். விண்ணப்பதாரர் திட்ட அறிக்கை கொண்டுவர வேண்டும். அதை எழுதிக்கொடுக்கவே ஊருக்கு ஊர் ஆட்கள் இருக்கிறார்கள். தொழிலின் பெயரையும் தொகையையும் மாற்றிப்போட்டால் எல்லா அறிக்கையும் ஒன்றுதான். மெஷினுக்குக் கொட்டேஷன் வேண்டும், இடத்துக்கு வாடகை ஒப்பந்தம் வேண்டும், சிபில் ஸ்கோர் வேண்டும். குறிப்பிட்ட ஒரு வரம்பு வரை சிறுதொழில் கடனுக்குச் சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்கிறது. அரசு நிதியத்தின் கடன் உத்தரவாதமும் 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. இருந்தும் "வீடு யார் பேர்ல இருக்கு?" என்ற கேள்வி நின்றபாடில்லை. வங்கி மேலாளரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கடன் வாராக்கடனானால் விளக்கம் எழுத வேண்டியவர் அவர். நல்ல இளைஞரைத் தவறவிட்டதற்கு யாரும் அவரிடம் விளக்கம் கேட்பதில்லை.

பிரதமர் திட்டத்தில் மானியம் உடனே கைக்கு வருவதுமில்லை. மூன்றாண்டுகள் வங்கியிலேயே வைப்புத்தொகையாக இருந்து பிறகுதான் கடனில் கழியும். மானியத்துக்காகவே தொழில் தொடங்குகிறவர்களைத் தடுக்க இந்த ஏற்பாடு நல்லதுதான். ஆனால் மானியத்தை நம்பிக் கணக்குப் போட்ட புதியவருக்கு முதல் வருடத்திலேயே கை காய்ந்துபோகிறது.

பணம் மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு உகாண்டாவில் ஒரு பரிசோதனை நடந்தது. இளைஞர் குழுக்களுக்கு, தலைக்கு ஏறத்தாழ 400 டாலர் வீதம் அரசு மேற்பார்வையின்றிக் கொடுத்தது. நான்காண்டுகள் கழித்துப் பார்த்தபோது பணம் பெற்றவர்களின் வருமானம் பெறாதவர்களைவிட 38 சதவீதம் கூடியிருந்தது. ஒன்பதாண்டுகள் கழித்துப் பார்த்தபோது மற்றவர்களும் எட்டிப் பிடித்திருந்தார்கள். பணம் வேகமாகத் தொடங்க உதவுகிறது. நெடுந்தூரம் ஓடவைப்பது வேறு ஏதோ.

பயிற்சியால் ஆகுமா?

தொழில் புத்தி பிறப்பில் வருவதா, பயிற்சியால் வருவதா? இந்தப் பழைய விவாதத்தில் முதல் பெரிய பரிசோதனை நம் பக்கத்திலேயே நடந்தது. ஹார்வர்டு உளவியலாளர் டேவிட் மெக்லெலண்ட் 1960களின் நடுவில் ஆந்திரத்தின் காக்கிநாடா வணிகர்களை ஹைதராபாத்தில் இருந்த சிறுதொழில் பயிற்சி நிறுவனத்துக்கு அழைத்துவந்து, சாதிக்கும் வேட்கையைத் தூண்டும் பயிற்சி கொடுத்தார். பயிற்சி பெற்றவர்கள் பெறாதவர்களைவிட அதிகமாக முதலீடு செய்தார்கள், அதிகம் பேரை வேலைக்கு வைத்தார்கள் என்று 1969இல் நூலாக எழுதினார். பின்னால் வந்தவர்கள் அவருடைய முடிவுகளைக் கேள்வி கேட்டாலும், நாடு முழுக்க நடக்கும் தொழில்முனைவோர் பயிற்சிகளுக்கு விதை அதுதான்.

அண்மைய சான்று ஆப்பிரிக்க நாடான டோகோவிலிருந்து வருகிறது. 1,500 சிறு தொழில் செய்வோரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கணக்கு, விற்பனை, நிதி என்ற வழக்கமான வகுப்பு. இன்னொரு பிரிவுக்குத் தானாக முன்வந்து வாய்ப்பைத் தேடவும் தடையை எதிர்பார்த்துத் திட்டமிடவும் பழக்கும் பயிற்சி. மூன்றாம் பிரிவுக்கு எதுவும் இல்லை. முன்முயற்சிப் பயிற்சி பெற்றவர்களின் லாபம் 30 சதவீதம் கூடியது. வழக்கமான வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு நிச்சயமாகச் சொல்லும்படியான உயர்வு இல்லை. 2017இல் வெளிவந்த இந்த முடிவு நம் பயிற்சி மையங்களின் சுவரில் ஒட்டப்பட வேண்டியது. கடன் ஒப்புதலுக்கு முன் முடித்தாக வேண்டிய சடங்காக நடக்கும் நம் சில நாள் வகுப்புகளில், ஜி.எஸ்.டி. பதிவு செய்வது எப்படி என்று சொல்லித்தருகிறார்கள். வாடிக்கையாளர் "இப்போது வேண்டாம்" என்று சொன்ன பிறகு என்ன செய்வது என்று சொல்லித்தருவதில்லை.

திறமையை யார் கண்டுபிடிப்பது?

"திறமையுள்ள இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து ஊக்குவிப்போம்" என்று எல்லாத் திட்டமும் சொல்கிறது. தேர்ந்தெடுப்பது எப்படி? நைஜீரியா 2011இல் நடத்திய தொழில்திட்டப் போட்டிக்குச் சுமார் 24,000 பேர் விண்ணப்பித்தார்கள். 1,200 பேருக்குச் சராசரியாக 50,000 டாலர் பரிசு. பரிசு பெற்றவர்களில் ஒரு பகுதியினர் குலுக்கல் முறையில் தேர்வானதால் ஆய்வுக்கு நல்ல வாய்ப்பு அமைந்தது. மூன்றாண்டுகளுக்குப் பிறகு, பரிசு பெற்றவர்களில் தொழில் நடத்துபவர்களும் பத்துப் பேரையோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருப்பவர்களும் பெறாதவர்களைவிடத் தெளிவாக அதிகம். ஆனால் வென்றவர்களுக்குள் யார் பெரிதாக வளர்ந்தார்கள் என்று பார்த்தால், நடுவர்கள் கொடுத்த மதிப்பெண்ணுக்கும் வளர்ச்சிக்கும் சம்பந்தமே இல்லை. கணினியிடம் எல்லாத் தகவலையும் கொடுத்துக் கணிக்கச் சொன்னபோதும் பெரிய முன்னேற்றம் இல்லை.

பத்து நிமிட நேர்காணலில் ஒருவரின் தொழில் திறமையை அறிந்துவிடலாம் என்பது நம் அதிகாரிகளுக்கும் முதலீட்டாளர்களுக்கும் உள்ள ஒரு மயக்கம். நேர்காணலில் வெல்வது ஆங்கிலம், உடை, பேச்சுப் பழக்கம். ஆகவே குறைவானவர்களைத் தேர்ந்தெடுத்து நிறையக் கொடுப்பதைவிட, நிறையப் பேருக்குக் கொஞ்சம் கொடுத்து, செய்துகாட்டுகிறவர்களுக்கு அடுத்தடுத்துக் கூட்டிக்கொடுப்பதே புத்திசாலித்தனம். பெட்டியடிப் பையன் முறையும் அதைத்தான் செய்தது.

இளமை பற்றிய மயக்கம் ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் மிக வேகமாக வளர்ந்த, ஆயிரத்தில் ஒன்றான நிறுவனங்களைத் தொடங்கியவர்களின் சராசரி வயது 45 என்று 2020இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. அதே துறையில் வேலை பார்த்த அனுபவம் உள்ளவர்களே அதிகம் வென்றார்கள். நம் ஊர் உதாரணமும் அப்படித்தான். திருச்சியில் வளர்ந்த கிரிஷ் மாத்ருபூதம் மென்பொருள் நிறுவனமான சோஹோவில் பல ஆண்டுகள் வேலை செய்த பிறகே 2010இல் ஃப்ரெஷ்டெஸ்க்கைத் தொடங்கினார். ஃப்ரெஷ்ஒர்க்ஸ் என்று பெயர் மாறிய அந்த நிறுவனம் 2021இல் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலானது. 22 வயதில் கம்பெனி தொடங்காதவர் தோற்றவர் ஆகமாட்டார். நல்ல நிறுவனம் ஒன்றில் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு வேலை பார்ப்பதும் தொழில் பயில்வதே.

கூடவே நடக்கும் ஆள்

குடியரசுத் தலைவராக இருந்த ஆர். வெங்கட்ராமனின் மகள் லட்சுமி வெங்கடேசன் 1992இல் தொடங்கிய பாரதிய யுவ சக்தி அறக்கட்டளை, கடனோடு ஒரு வழிகாட்டியையும் இணைத்துக் கொடுக்கும் முறையை இங்கே கொண்டுவந்தது. தொழில் தெரிந்த ஒருவர் சம்பளம் வாங்காமல் மாதாமாதம் வந்து கணக்கைப் பார்க்கிறார், விலையைத் திருத்துகிறார், வங்கியில் கூட நின்று பேசுகிறார். தகப்பனோ மாமனோ தொழிலில் இருக்கும் பையனுக்கு இது சாப்பாட்டு மேசையிலேயே கிடைத்துவிடும். முதல் தலைமுறைக்காரருக்கு வெளியிலிருந்துதான் வர வேண்டும்.

கூட இருப்பவர்கள் ஊக்கம் மட்டும்தான் கொடுப்பார்கள் என்பதில்லை. ஹார்வர்டு வணிகப் பள்ளியில், ஏற்கெனவே தொழில் நடத்திய அனுபவமுள்ள மாணவர்கள் அதிகமாக அமைந்த வகுப்புகளிலிருந்து தொழில் தொடங்கியவர்கள் குறைவாகவே இருந்தார்கள் என்று ஓர் ஆய்வு கண்டது. அப்படிக் குறைந்தவை பெரும்பாலும் தோற்றிருக்கக்கூடிய தொழில்கள். அனுபவப்பட்ட நண்பர்கள் "இது ஓடாது" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். வேண்டாத முயற்சியிலிருந்து ஒருவரைக் காப்பாற்றுவதும் ஊக்குவிப்பின் பகுதிதான்.

இவை அனைத்தும் ஒரே வளாகத்தில் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னை ஐ.ஐ.டி. ஆய்வுப் பூங்கா சாட்சி. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா முன்னின்று வளர்த்த அந்த வளாகத்தில் ஆய்வகமும் முதலீட்டாளரும் பெரிய நிறுவனங்களும் புதியவர்களும் ஒரே மாடிப்படியில் சந்திக்கிறார்கள். மின் ஸ்கூட்டர் செய்யும் ஏத்தர் எனர்ஜி அங்கே 2013இல் தொடங்கி ஓசூரில் ஆலை வைத்தது. 2017இல் தொடங்கிய அக்னிகுல் காஸ்மோஸ், முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக வார்த்த எஞ்சினோடு 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏவியது. பெருமைப்பட வேண்டிய சாதனைதான். ஆனால் அந்த மாடிப்படிக்கு வந்துசேரும் வழி பெரும்பாலும் ஐ.ஐ.டி. வாசல் வழியாகத்தான் போகிறது. விழுப்புரத்தில் பாலிடெக்னிக் படித்தவருக்கு அப்படியொரு மாடிப்படி எங்கே?

சனிக்கிழமைச் சம்பளமும் தொண்ணூறு நாள் பில்லும்

ஊக்குவிப்பு உரைகளில் ஒருபோதும் வராத ஒரு விஷயம் பில் பாக்கி. திருப்பூர்க் கணக்கில் பார்ப்போம். ஓர் இளம்பெண் பத்து மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தையல்காரருக்கு நாளைக்கு 700 ரூபாய் என்றால் ஆறு நாளுக்குப் பத்துப் பேருக்கு 42,000 ரூபாய். திருப்பூரில் சம்பளம் சனிக்கிழமை சாயங்காலம் கைக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் திங்கட்கிழமை ஆட்கள் அடுத்த கம்பெனியில் உட்கார்ந்திருப்பார்கள். வேலை கொடுத்த நிறுவனம் பில்லை 90 நாளில் தீர்க்கிறது என்றால் ஏறத்தாழ 13 வாரம். சம்பளத்துக்கு மட்டும் 5,46,000 ரூபாயை அவர் கையில் வைத்திருக்க வேண்டும். வாடகையும் கரண்ட் பில்லும் நூலும் இதில் சேரவில்லை. மெஷின் வாங்கக் கடன் கொடுத்த திட்டம் இந்த 13 வாரத்தைப் பற்றிப் பேசாது. எனவே அவர் கந்துவட்டிக்குப் போவார். தொழிலில் வரும் லாபம் வட்டிக்குப் போகும். இரண்டு வருடத்தில் மெஷின் விலைக்குப் போகும். வெளியே பார்க்கிறவர்கள் "அந்தப் பெண்ணுக்குத் தொழில் தெரியல" என்பார்கள்.

சட்டம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 45 நாளுக்குள் கொடுக்காத தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது என்று வருமான வரிச் சட்டத்திலும் அண்மையில் பிரிவு சேர்த்துவிட்டார்கள். பில்லை மின்னணு மேடையில் வைத்து வங்கியிடம் முன்பணம் பெறும் டிரெட்ஸ் முறையும் வந்திருக்கிறது. ஆனால் புகார் கொடுத்தவருக்கு அடுத்த ஆர்டர் வராது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே யாரும் வாய் திறப்பதில்லை.

முதல் ஆர்டரின் வலிமைக்குத் திருச்சி சாட்சி. 1960களில் பெல் ஆலை வந்ததும் அதைச் சுற்றித் துவாக்குடி வட்டாரத்தில் நூற்றுக்கணக்கான பேப்ரிகேஷன் பட்டறைகள் முளைத்தன. வரைபடமும் தரமும் வேலையும் பெரிய ஆலை கொடுத்தது. வெல்டராக இருந்தவர்கள் முதலாளிகள் ஆனார்கள். பெல்லுக்கு ஆர்டர் குறைந்தபோது அந்தப் பட்டறைகள் பட்ட பாடு, ஒரே வாடிக்கையாளரை நம்புவதன் ஆபத்தையும் காட்டியது. மத்திய அரசு நிறுவனங்கள் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும்; அதில் 4 சதவீதம் பட்டியலினத்தவர், பழங்குடியினர் நிறுவனங்களிடம், 3 சதவீதம் பெண்கள் நிறுவனங்களிடம். எந்த மானியத்தையும்விட இந்த விதி பெரியது, ஒழுங்காக நடந்தால்.

சறுக்கியவருக்கு இடம் உண்டா?

"மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டான்" என்பது நம் ஊர்களில் ஒருவரின் மானத்தை வாங்கும் வார்த்தை. திவாலானவருக்கு மாவட்டங்களில் இன்றும் பொருந்துவது 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம்தான். 2016இல் வந்த புதிய திவால் சட்டம் பெரிய கம்பெனிகளுக்குக் கதவு திறந்தது. தனி ஆளாகத் தொழில் செய்யும் சிறு முதலாளிக்கான அதன் பகுதி இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. பல கோடி கடன் வாங்கிய நிறுவனத்துக்குச் சட்டப்படி மீள வழி இருக்கிறது. முத்ராவில் 3 லட்சம் வாங்கிச் சறுக்கிய 25 வயதுக்காரருக்குச் சிபிலில் கரும்புள்ளியும் ஊரில் கெட்ட பெயரும்தான்.

கடனை எப்படித் திருப்பக் கேட்கிறோம் என்பதும் முக்கியம். கொல்கத்தாவில் நுண்கடன் வாங்கியவர்களில் ஒரு பகுதியினருக்கு முதல் தவணையை இரண்டு வாரத்துக்குப் பதில் இரண்டு மாதம் கழித்துக் கட்டலாம் என்று சலுகை கொடுத்தார்கள். அவர்கள் தொழிலில் அதிகமாக முதலீடு செய்தார்கள். மூன்றாண்டில் லாபமும் கூடியது. கட்டாமல் விட்டவர்களும் அவர்களில் சற்று அதிகம். துணிந்து செய்யச் சொன்னால் சிலர் தோற்பார்கள்; இரண்டும் சேர்ந்தே வரும். தோல்வியே இல்லாத திட்டம் வேண்டும் என்று கேட்கும் வங்கி, உண்மையில் ஏற்கெனவே வென்றவர்களுக்கே கடன் கொடுக்கிறது.

வெளியே நிற்பவர்கள்

இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் இருவர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். தொழில் நுணுக்கம் தெரிந்த கைகள் இவ்வளவு வேறெந்த மாநிலத்திலும் இல்லை. ஆனால் நாட்டில் சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு பெற்ற நிறுவனங்களில் பெண்கள் பெயரில் உள்ளவை ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுதான். அவற்றிலும் பெயர் மட்டும் மனைவியுடையதாக இருப்பவை உண்டு. சொத்து அப்பா, கணவன், அண்ணன் பெயரில் இருக்கும்போது ஜாமீன் கொடுக்க வேண்டியவர்களும் அவர்களே. அவர்களுடைய சம்மதம்தான் ஒரு பெண்ணின் முதல் கடன் விண்ணப்பம்.

தலித் இளைஞருக்குச் சிக்கல் இன்னும் ஆழம். மானியம் கிடைக்கிறது, மெஷினும் வருகிறது. தெருவில் கடைக்கு இடம் வாடகைக்குக் கிடைப்பதில்லை, மொத்த வியாபாரி கடனுக்குச் சரக்குப் போடுவதில்லை. தொழிலைக் கற்றுக்கொடுக்கும் பட்டறைகளில் அவருக்கு மாமன் மச்சான் இல்லை. மூலதன மானியம் பணக் குறையைத் தீர்க்கும். அறிமுகக் குறையைத் தீர்க்காது. அமெரிக்காவில் கண்டுபிடிப்பாளர்களைப் பற்றி பொருளியலாளர் ராஜ் செட்டி குழுவினர் செய்த ஆய்விலும் இதே பாடம்தான். உச்சத்தில் உள்ள ஒரு சதவீதக் குடும்பங்களின் குழந்தைகள், நடுத்தர வருமானத்துக்குக் கீழே உள்ள குடும்பத்துக் குழந்தைகளைவிடப் பத்து மடங்கு அதிகமாகக் கண்டுபிடிப்பாளர்கள் ஆகிறார்கள். இந்த இடைவெளியில் பெரும்பகுதிக்குக் காரணம் புத்தி வேறுபாடு அன்று. சிறுவயதில் அப்படிப்பட்ட ஆட்களைப் பக்கத்தில் பார்த்துப் பழகும் வாய்ப்பு.

செய்யத்தக்கவை

முதலாவதாக, பள்ளியிலும் கல்லூரியிலும் தொழில்முனைவு பாடமாக இருப்பதைவிடப் பட்டறையில் ஆறு மாதம் உட்கார வழி செய்ய வேண்டும். 'நான் முதல்வன்' திட்டத்தின் வழியே லட்சக்கணக்கான மாணவர்கள் பயிற்சிக்கு வருகிறார்கள். அவர்களில் விரும்புகிறவர்களைச் சிறு நிறுவனங்களில் உதவித்தொகையோடு அமர்த்தி, கொள்முதலும் விலை நிர்ணயமும் வசூலும் பழகவிடலாம். பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களைக் கட்டணம் வாங்காமல் உதவித்தொகை கொடுத்துப் பயிற்றும் சோஹோவின் பள்ளிகள், பட்டம் இல்லாமலும் இது நடக்கும் என்று காட்டிவிட்டன. உறவினர் அல்லாதவரைப் பழக்கும் முதலாளிக்குச் சலுகை கூடுதலாக இருக்கட்டும்.

இரண்டாவதாக, கடன் திட்டங்களில் நடைமுறை மூலதனம் சரிபாதி முக்கியத்துவம் பெற வேண்டும். அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் 45 நாள் விதியை முதலில் தாங்கள் கடைப்பிடிக்கட்டும். பில் பாக்கிப் புகாரைப் பாதிக்கப்பட்டவர் கொடுக்கத் தேவையில்லாமல், ஜி.எஸ்.டி. பதிவுகளைக் கொண்டே அரசு தானாகக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு வந்தால் பயமில்லாமல் தொழில் நடக்கும்.

மூன்றாவதாக, நேர்காணலில் பெரிய தொகைக்கு ஆள் தேடுவதை விட்டு, சிறிய தொகையில் பலரைத் தொடங்கவைத்து, ஒவ்வொரு படியிலும் கூட்டிக்கொடுக்கும் முறைக்கு மாற வேண்டும். நான்காவதாக, தனிநபர் திவால் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்து, நேர்மையாகத் தோற்றவருக்குக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பின் பெயர் துடைக்கப்பட வேண்டும்.

அரசு செய்யவேண்டியவை இவை. தொழிலில் நிலைத்துவிட்டவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. உங்களில் பெரும்பாலோருக்கு யாரோ ஒருவர் முதல் ஆர்டரைக் கொடுத்திருப்பார். அவர் உங்கள் ஊர்க்காரராகவோ சாதிக்காரராகவோ இருந்திருக்கலாம். இந்த ஆண்டு நீங்கள் கொடுக்கப்போகும் ஆர்டர்களில் ஒன்றையாவது, உங்களுக்கு எந்த உறவும் இல்லாத ஓர் இளைஞருக்கோ இளம்பெண்ணுக்கோ கொடுங்கள். சரக்குச் சரியாக இருந்தால் பணத்தை 45 நாளில் கொடுத்துவிடுங்கள்.